மினுக்கும் விளக்கும் டிம்மர் ஸ்விட்ச்சும்

வீட்டு விளக்கின் வெளிச்சத்தை வேண்டிய அளவுக்குக் கூட்டவும் குறைக்கவும் உதவும் டிம்மர் ஸ்விட்ச் ஒரு காலத்தில் நாடக மேடைகளிலும் பெரிய திரையரங்குகளிலுமே காணப்பட்ட சாதனம். இப்பொழுது அது நெசவாளர் வீட்டுக் கூடத்திலும் குடியானவர் வீட்டுப் படுக்கை அறையிலும் இடம் பெற்றுவிட்டது. குழந்தை உறங்கும் அறைக்கும், நோயாளி படுத்திருக்கும் அறைக்கும், பூஜை அறைக்கும் அது ஏற்றதே. ஆயினும் அதைச் சுவரில் பதித்தவர்களில் பலர் சில மாதங்களுக்குள்ளேயே சலித்துக்கொள்கிறார்கள். விளக்கு மினுக்குகிறது, குமிழைப் பாதி வரை திருப்பியும் எரியாமலிருந்து பின் திடீரென்று பளிச்சென்று எரிகிறது, சுவரிலிருந்து வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓசை வருகிறது, அணைத்த பின்னும் பல்பு மங்கலாக ஒளிர்கிறது. உடனே டிம்மர் பழுது என்று முடிவு கட்டி, வேறொன்று வாங்கி மாட்டுகிறார்கள். புதியதும் பழையதைப் போலவே மினுக்குகிறது.

இக்குறைகளில் பெரும் பகுதி, டிம்மருக்கும் பல்புக்கும் பொருத்தம் இல்லாமையால் வருவது. எஞ்சிய சிறு பகுதியோ, வீட்டு மின்கம்பிகளின் இணைப்பில் எங்கோ தளர்ச்சி இருப்பதைக் காட்டும் அடையாளம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். முன்னதனால் நேர்வது வீண் செலவு. பின்னதனால் நேரக்கூடியது தீ. ஆகையால் டிம்மரை மாற்றும் முன்பு, மினுக்கம் எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவது அவசியமாகிறது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அலமாரியில் ஒரு பழைய குண்டு பல்பு இருந்தால் போதும். அது எப்படி என்பதைச் சொல்லுமுன், டிம்மர் வேலை செய்யும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும்.

முற்காலத்து டிம்மர் ஒரு மின்தடைச் சுருள். விளக்குக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தானே வாங்கி உஷ்ணமாக வெளிவிடும். வெளிச்சம் குறையும்; ஆனால் செலவாகும் மின்சக்தி அதே விகிதத்தில் குறையாது. அமெரிக்காவில் ஜோயல் ஸ்பைரா என்பவர் 1959-ஆம் ஆண்டில் அரைக்கடத்திப் பொருளைக் கொண்டு, வீட்டுச் சுவர்ப் பெட்டிக்குள் அடங்கும் டிம்மரை அமைத்தார்; 1961-இல் லூட்ரான் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். இன்று நம் கடைகளில் கிடைக்கும் டிம்மர்களில் பெரும்பாலானவை அந்த வழியைப் பின்பற்றியவையே.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை சுழலும் மாறுமின்சாரம். ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு அரை அலைகள் உண்டு. எனவே விநாடிக்கு 100 அரை அலைகள். ஒவ்வொன்றின் காலம் விநாடியில் நூறில் ஒரு பங்கு. டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்னும் சிறு உறுப்பு ஒரு மதகைப் போன்றது. அரை அலை தொடங்கும்போது அது மூடியிருக்கும். குமிழை நாம் வைத்திருக்கும் நிலைக்கு ஏற்றபடி சிறிது நேரம் கழித்துத் திறக்கும். அரை அலை முடியும்போது தானே மூடிக்கொள்ளும். சீக்கிரம் திறந்தால் வெளிச்சம் அதிகம். தாமதமாகத் திறந்தால் குறைவு. வாய்க்கால் மதகை முறை வைத்துத் திறந்து மூடி வயலுக்கு நீர் அளப்பது போலத்தான். வித்தியாசம், இது விநாடிக்கு நூறு தடவை நிகழ்கிறது என்பதே.

இம்மதகுக்கு ஒரு குணம் உண்டு. திறந்த பிறகு அது திறந்தே இருக்க வேண்டுமானால், அதன் வழியே ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும். அந்த அளவு டிரையாக்கின் வகைக்கு ஏற்ப ஏறத்தாழ 10 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். ஓட்டம் அதற்குக் கீழே இறங்கினால் மதகு நடுவிலேயே மூடிவிடும். மறுபடி திறக்கும், மறுபடி மூடும். இதுதான் நாம் காணும் மினுக்கம்.

60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் சுமார் 260 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. ஒரே ஒரு பல்பு இருந்தாலும் டிரையாக் நிம்மதியாக வேலை செய்யும். அன்றியும் குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை வெண்சூட்டில் காய்ந்திருப்பது. ஓர் அரை அலையில் சிறு தவறு நேர்ந்தாலும் அந்தச் சூடு உடனே ஆறிவிடாது. கண்ணுக்கு மினுக்கம் தெரியாது. அதன் இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பை மாட்டுங்கள். அது இழுப்பது சுமார் 40 மில்லி ஆம்பியர்தான். குமிழைக் குறைத்தால் அதிலும் குறையும். மதகு திறந்து நிற்கப் போதிய ஓட்டம் இல்லை. எல்.இ.டி.க்குச் சூட்டைச் சேமித்து வைக்கும் இழையும் இல்லை. உள்ளிருக்கும் மின்சுற்று ஈடுகொடுத்தாலன்றி, ஓட்டம் நின்ற கணமே ஒளியும் நிற்கும்.

2015-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கிய பின்னர், சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் குண்டு பல்புகள் போய் எல்.இ.டி. பல்புகள் வந்தன. மின் கட்டணத்தில் அதனால் விளைந்த நன்மையை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் பல்பு மாறியபோது சுவரிலிருந்த டிம்மர் மாறவில்லை. குண்டு பல்புக்கென்று செய்யப்பட்ட டிம்மரின் பின்புறத்தில் அல்லது அதன் அட்டைப் பெட்டியில், அது தாங்கும் உச்ச வாட் அளவோடு குறைந்தபட்ச அளவும் குறிக்கப்பட்டிருக்கும். 40 வாட் என்றோ 60 வாட் என்றோ இருப்பது வழக்கம். உச்ச அளவை எல்லோரும் பார்க்கிறார்கள். குறைந்தபட்ச அளவைப் பார்ப்பவர் அரிது. நான்கு 9 வாட் பல்புகள் சேர்ந்தாலும் 36 வாட்தான். குறைந்தபட்சம் 60 வாட் கேட்கும் டிம்மருக்கு இது அரை வயிற்றுக் கஞ்சி.

இனிச் சோதனைக்கு வருவோம். முதலில், டிம்மரோடு சேராத வேறு விளக்கு ஒன்றைக் கவனியுங்கள். டிம்மர் விளக்கு மினுக்கும் அதே கணத்தில் அதுவும் மினுக்கினால், குற்றம் டிம்மரில் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் கூறுவோம். மற்ற விளக்குகள் அசையாமல் எரிய, டிம்மர் விளக்கு மட்டும் மினுக்கினால், அதன் பல்பைக் கழற்றிவிட்டு ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். ஒரே டிம்மரில் பல பல்புகள் இருந்தால் ஒன்றை மட்டும் இவ்வாறு மாற்றினால் போதும். குண்டு பல்பின் சூட்டை விளக்கின் கூண்டு தாங்குமா என்று பார்த்துக்கொண்டு, சில நிமிடங்களே எரியவிட வேண்டும்.

இப்பொழுது குமிழை அடியிலிருந்து உச்சி வரை மெதுவாகத் திருப்புங்கள். வெளிச்சம் படிப்படியாக ஏறி இறங்கி, மினுக்கம் மறைந்துவிட்டால் டிம்மர் நல்ல நிலையில் இருக்கிறது. பல்புதான் அதற்கு ஒத்துவரவில்லை. குண்டு பல்பும் மினுக்கினால் டிம்மரோ, அதன் இணைப்போ, பல்பு ஹோல்டரோ பழுது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கடைக்குப் போவதில் பயனில்லை.

பொருத்தமின்மை என்று தெரிந்தால் என்ன செய்வது? பல்பின் பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எல்.இ.டி. பல்புகளில் பெரும்பாலானவை அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை டிம்மரில் மாட்டினால் மினுக்குவதோடு, ஒவ்வோர் அரை அலையிலும் திடீரென்று பாயும் ஓட்டத்தால் உள்ளிருக்கும் கண்டென்சர் சூடேறிப் பல்பின் ஆயுளும் குறையும். ‘டிம்மபிள்’ என்று குறித்த பல்புகளை, ஒரே டிம்மருக்கு ஒரே கம்பெனியின் ஒரே மாதிரியாகப் பார்த்து வாங்க வேண்டும். கலந்து மாட்டினால் ஒன்று முந்தி எரியும், மற்றது பிந்தி எரியும். அப்படியும் மினுக்கினால், எல்.இ.டி.க்கென்று குறிக்கப்பட்ட டிம்மர் வேண்டும். இவற்றில் அரை அலையின் தொடக்கத்தை வெட்டுவதற்குப் பதிலாக அதன் கடைப்பகுதியை வெட்டும் வகை ஒன்று உண்டு. அதில் டிரையாக் இல்லை, எல்.இ.டி.யின் குறைந்த ஓட்டத்துக்கும் அது பெரும்பாலும் ஒத்துவரும்.

உச்ச அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. 400 வாட் டிம்மர் என்றால் 9 வாட் பல்புகளை நாற்பதுக்கு மேல் மாட்டலாம் என்று கணக்கிடக்கூடாது. எல்.இ.டி. பல்பு ஓட்டத்தைச் சீராக இழுக்காமல் துள்ளித் துள்ளி இழுப்பதால், அதற்கு அனுமதித்த அளவு குண்டு பல்புக்குரியதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். பெட்டியில் எல்.இ.டி.க்கென்று தனியாகக் குறித்த எண்ணே செல்லும்.

சிலர் நான்கு பல்புகளில் ஒன்றை 40 வாட் குண்டு பல்பாகவே விட்டுவைத்து மினுக்கத்தை நிறுத்துகிறார்கள். தந்திரம் பலிக்கும். ஆனால் 36 வாட்டாக இருந்த செலவு 67 வாட்டாகிவிடும். டிம்மர் கம்பெனிகள் சில, விளக்கோடு பக்கவாட்டில் இணைப்பதற்கென்று சிறு சுமைக் கட்டை ஒன்றை விற்கின்றன. அதை அவர்கள் சொன்ன முறைப்படி பொருத்தலாம். ரேடியோக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு மின்தடையை வாங்கித் தாமே இணைப்பது கூடாது; அது சுவர்ப் பெட்டிக்குள் அடுப்பாகக் காயும்.

குமிழைத் திருப்பியும் எரியாமல் திடீரென்று எரியும் குறை வேறு. டிம்மருக்குள் ஒரு சிறு கண்டென்சர் ஒவ்வோர் அரை அலையிலும் நிரம்பி, சுமார் 30 வோல்ட்டை எட்டியதும் மதகைத் திறக்கச் சொல்கிறது. மிகக் குறைந்த நிலையில் அது நிரம்புவதற்குள் அலையே முடிந்துவிடும். அதனால்தான் சிறிது உயர்த்தி எரியவிட்டுப் பின்பு இறக்க வேண்டியிருக்கிறது. பல டிம்மர்களில் குமிழை உருவினால் அடியில் ஒரு சிறு திருகு தென்படும். குறைந்தபட்ச வெளிச்சத்தைச் சரிசெய்யும் திருகு அதுவே. அதைச் சற்றுத் திருப்பி வைத்தால் குறை தீர்ந்துவிடும். புதிய டிம்மர் பொருத்தும்போது வயர்மேன் இதைச் செய்துவிட்டுப் போவது நலம், கேட்டால்தான் செய்வார்கள்.

குமிழைத் திருப்பும்போது வெளிச்சம் குதிப்பதும் அறுபடுவதுமாக இருந்தால், உள்ளே உராயும் தடைப்பட்டை தேய்ந்திருக்கிறது அல்லது தூசி படிந்திருக்கிறது. நெசவாளர் வீடுகளில் இது சீக்கிரம் நேரும். பாவு ஓட்டும் இடத்திலும் தார் சுற்றும் இடத்திலும் பறக்கும் பஞ்சுத் தூசி, ஸ்விட்ச் பலகையின் இடுக்கு வழியே உட்புகுந்து மெத்தை போலப் படிகிறது. டிம்மர் இயல்பாகவே சற்றுச் சூடாகும் பொருள். உச்ச வேலையில் அதன் டிரையாக் மட்டும் ஓரிரு வாட் உஷ்ணத்தை வெளிவிடும். அந்த உஷ்ணம் வெளியேற வழியில்லாதபடி பஞ்சு மூடினால் முதலில் டிம்மர் கெடும். அருகில் ஓர் இணைப்புத் தளர்ந்து பொறி பறக்குமானால் பஞ்சு பற்றிக்கொள்ளும். தறி இருக்கும் கூடத்தில் டிம்மர் வேண்டாம் என்பதற்கு இது முதற் காரணம். வேறு காரணங்களும் உண்டு.

டிம்மர் பலகையைத் தொட்டால் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. கையை வைத்திருக்க முடியாதபடி சுட்டால் இயல்பல்ல. மெல்லிய ரீங்காரம் டிம்மருக்குள் இருக்கும் சோக் சுருளின் ஓசை, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சடசடவென்ற ஓசை, கருகிய நாற்றம், பலகையில் பழுப்புக் கறை, இவற்றில் எது தோன்றினாலும் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு வயர்மேனை அழைக்க வேண்டும். திருகுகள் தளர்ந்து கம்பி சரியாகப் படியாதபோது இந்த அடையாளங்கள் தோன்றும். மினுக்கமும் கூடவே தோன்றும். ‘எல்.இ.டி. என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவது இங்கேதான் ஆபத்தாக முடிகிறது.

குமிழை எந்த நிலையில் வைத்தாலும் விளக்கு முழு வெளிச்சத்தோடு எரிந்தால், டிரையாக் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. குண்டு பல்பின் இழை அறும் கணத்தில் உள்ளே மின்பொறி தோன்றி, அளவுக்கு மிஞ்சிய ஓட்டம் பாய்வதால் இது நேர்வதுண்டு. பல்பு ‘பட்’டென்று வெடித்து அணைந்த மறுநாள் டிம்மர் கேட்கவில்லை என்றால் காரணம் இதுவே. இதற்கு மருந்தில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அணைத்த பின்னும் எல்.இ.டி. பல்பு மங்கலாக ஒளிர்வதற்கும், அவ்வப்போது கண் சிமிட்டுவதற்கும் காரணங்கள் சில. ஸ்விட்ச்சில் சிவப்பு அடையாள விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் சிறு ஓட்டமே எல்.இ.டி.யை ஒளிரச் செய்யும். சில மின்னணு டிம்மர்களும் அவ்வாறு கசியவிடும். இவற்றால் தீங்கில்லை. மற்றொரு காரணம் மிகக் கவலைக்குரியது. ஸ்விட்ச்சைப் பேஸ் கம்பியில் இணைக்காமல் நியூட்ரல் கம்பியில் இணைத்திருந்தாலும் விளக்கு அணைந்தது போலவே தோன்றும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பிப் பல்பை மாற்றக் கை வைப்பவருக்கு அதிர்ச்சி நேரும். பழைய வீடுகளில் அறை அறையாகக் கம்பி நீட்டியபோது இத்தவறு பல இடங்களில் புகுந்திருக்கிறது. அணைத்த விளக்கு ஒளிர்ந்தால், வயர்மேனைக் கொண்டு டெஸ்டரால் இதைப் பார்க்கச் செய்யுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: டிம்மரைக் குறைப்பது மின்சாரத்தைத் துண்டிப்பதாகாது. பல்பு மாற்றும் போதெல்லாம் மெயின் ஸ்விட்ச்சை அல்லது அந்த வரிசைக்குரிய எம்.சி.பி.யை இறக்கிவிட வேண்டும்.

டிம்மரில் இல்லாத விளக்குகளும் சேர்ந்து மினுக்கினால் என்ன என்று முன்பு நிறுத்தி வைத்தோம். மாலையில் தெருவெல்லாம் விளக்கேற்றும் நேரத்திலும், அருகில் பம்பு செட்டு மோட்டார் கிளம்பும் நேரத்திலும் ஒரு கணம் மங்குவது மின்னழுத்தம் இறங்குவதன் விளைவு. டிம்மர் அதை மிகைப்படுத்திக் காட்டும், அவ்வளவே. ஆனால் மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் ஓர் அறை விளக்கு மங்கும்போது மற்றோர் அறை விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசித்தால், நியூட்ரல் கம்பி எங்கோ விட்டுப்போகிறது என்று பொருள். அந்நிலையில் 230 வோல்ட்டுக்குச் செய்த சாமான்களின் மீது 400 வோல்ட் வரை பாயக்கூடும். விசைத்தறி ஓடும் வீடுகளில் மும்முனை இணைப்பு சாதாரணமாதலால் அவர்கள் இதைக் கவனமாக அறிந்திருக்க வேண்டும். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறுபடி சரியாகிவிட்டதே என்று காத்திருப்பது கூடாது.

மின்விசிறி ரெகுலேட்டரை விளக்குக்கு டிம்மராகப் பொருத்தும் வழக்கம் ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் குமிழ் ஒன்று போலவே இருப்பதால் வந்த மயக்கம் இது. படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டருக்குள் இருப்பவை விசிறி மோட்டாருக்கென்று அளவிட்ட கண்டென்சர்கள். அவற்றின் வழியே எல்.இ.டி. பல்பு சரியாக எரியாது. அவ்வாறே, விளக்கு டிம்மரில் விசிறியை இணைத்தால் மோட்டார் இரைந்து சூடேறும். மாடிப்படிக்கு மேலும் கீழும் இரண்டு டிம்மர்களைப் பொருத்துவதும் பயன்படாது. ஒரு பக்கம் டிம்மர், மறு பக்கம் சாதாரண டூவே ஸ்விட்ச் என்பதே முறை.

இனித் தறி மேலுள்ள விளக்கு. குண்டு பல்பை டிம்மரால் குறைத்தால் அதன் ஒளி செம்மை படரும். அந்த ஒளியில் சாயநூலின் நிறத்தை ஒப்பிட்டால் நீலமும் கருப்பும், ஊதாவும் பழுப்பும் ஏமாற்றும். பகலில் விரித்துப் பார்க்கும்போதுதான் ஊடையில் நிறம் மாறியிருப்பது தெரியும். அதில் மின்சாரச் சிக்கனமும் எதிர்பார்த்த அளவு இல்லை. குண்டு பல்புக்குச் செல்லும் சக்தியைப் பாதியாக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்குக்கு இறங்கிவிடும். எல்.இ.டி.யில் நிறக் கேடு குறைவு. ஆனால் பொருந்தாத டிம்மரில் அது விநாடிக்கு 100 முறை அணைந்து எரியும். கண் அதை நேரே காணாது. கண் வலியும் தலைவலியுமாக உணரும். சுழலும் சக்கரமோ தார் சுற்றும் இயந்திரத்தின் கதிரோ அத்தகைய ஒளியில் மெதுவாகச் சுழல்வது போலவும், சில வேகங்களில் நின்றேவிட்டது போலவும் தோன்றும். நின்றுவிட்டதென்று எண்ணிக் கையை நீட்டினால் விரலுக்குச் சேதம். இதை அறிய, விளக்கின் கீழே ஒரு வெள்ளைக் கம்பியை வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நலம். துண்டு துண்டாகப் பல கம்பிகள் தெரிந்தால் அவ்விளக்கு வேலை செய்யும் இடத்துக்கு உதவாது. கைபேசிக் காமிராவில் அவ்விளக்கு பட்டை பட்டையாகத் தெரிவதும் இதே அடையாளமே.

தறிக்கும் இயந்திரத்துக்கும் மேலே சாதாரண ஸ்விட்ச்சில் எரியும் நிலையான விளக்கே வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க விரும்பினால் 5 வாட் பல்பு ஒன்றையும் 12 வாட் பல்பு ஒன்றையும் தனித்தனி ஸ்விட்ச்சில் வைத்துக்கொள்ளலாம். 5, 12, 17 வாட் என மூன்று நிலைகள் கிடைக்கும். செலவு ஒரு நல்ல டிம்மரின் விலையைவிடக் குறைவு. ஸ்விட்ச்சை அணைத்து அணைத்துப் போட்டால் படிப்படியாக வெளிச்சம் மாறும் எல்.இ.டி. பல்புகளும் இப்பொழுது கிடைக்கின்றன. படுக்கை அறைக்கு அவை போதும். ஆனால் அவற்றை டிம்மர் உள்ள இடத்தில் மாட்டக்கூடாது. டிம்மரைக் கழற்றி, அந்தத் துளையில் சாதாரண ஸ்விட்ச் ஒன்றை வயர்மேனைக் கொண்டு பொருத்திய பிறகே மாட்ட வேண்டும்.